ஐந்து கிலோவாட் தீவு

நாள் 1: மல்லெய்க் துறைமுகம், எக் தீவு

ரயில் மல்லெய்க்கோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை, கடல்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் இந்த மீன்பிடித் துறைமுகத்திலிருந்துதான் 'ஸ்மால் ஐல்ஸ்' என்று அழைக்கப்படும் எக், மக், ரம், கன்னா ஆகிய நான்கு தீவுகளுக்கும் படகு புறப்படுகிறது. 2019 ஜூன் மாதம். நானும் என் அக்கா மகனும் வந்திருக்கிறோம். மின் பராமரிப்பு வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். அவன் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். எனக்கு மின்சாரம், அவனுக்கு இணையம். இரண்டும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கும் என்று தேடித்தான் எக் தீவைத் தேர்ந்தெடுத்தோம்.

வெளியூர்க்காரர்கள் இந்தத் தீவுகளுக்குக் கார் கொண்டுபோக முடியாது. நடந்துதான் படகில் ஏற வேண்டும். ஆனால் சரக்கு ஏறிக்கொண்டே இருந்தது. மரப்பலகை, காஸ் சிலிண்டர், பெயர் ஒட்டிய அட்டைப் பெட்டிகள். தீவில் இல்லாத எதுவும் இப்படித்தான் போய்ச் சேர வேண்டும் என்பது அந்த வரிசையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. டீசலும் அப்படித்தான் போகிறது.

சுமார் ஒன்றேகால் மணிநேரப் பயணம். எக் நெருங்க நெருங்க, 393 மீட்டர் உயரமுள்ள அன் ஸ்கூர் என்ற பாறை மலை சுவர் மாதிரி எழுந்து வருகிறது. அதன் அடிவாரத்தில் நான்கு காற்றாலைகள். காற்றாலை என்றதும் ராட்சத இறக்கைதான் நினைவுக்கு வரும். இவை சின்னவை, ஒவ்வொன்றும் 6 கிலோவாட். நான்கையும் சேர்த்தால் 24 கிலோவாட். பெரிய காற்றாலை ஒன்று மட்டுமே இதைப்போல நூறு மடங்குக்கு மேல் தரும். ஆனால் இந்தத் தீவில் இருப்பதே நூறு சொச்சம் பேர்தான்.

நாங்கள் தங்கும் வீடு தீவின் வடமேற்கே கிளேடேல் என்ற இடத்தில். உள்ளே நுழைந்ததும் ஜன்னலோரம் ஒரு கையடக்கக் கருவி கண்ணில் பட்டது. அந்த வீடு இந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் கருவி. 0.2 கிலோவாட் என்று நின்றுகொண்டிருந்தது. நான் சமையலறையில் அடுப்பைப் போட்டேன், மருமகன் தண்ணீர் கெட்டிலைப் போட்டான். எண் 5-ஐ நெருங்கியதும் கருவி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சட்டென்று கெட்டிலை அணைத்தோம்.

வீட்டுக்கார அம்மா சத்தம் கேட்டு வந்து, பதற்றப்பட வேண்டாம், அது எச்சரிக்கைதான் என்றார். தீவில் எந்த வீடாக இருந்தாலும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. தொழில் நடத்தும் இடங்களுக்கு 10. தாண்டினால் அந்த வீட்டுக்கு மட்டும் மின்சாரம் ட்ரிப் ஆகிவிடும். திரும்பப் போட்டுவிட ஆள் வர வேண்டும், அதற்கு ஒரு கட்டணமும் கட்ட வேண்டும். சின்ன வீடு, பெரிய வீடு என்ற வேறுபாடு இல்லை, எல்லோருக்கும் ஐந்துதான்.

ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. அந்த ஐந்து என்ற எண்ணையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நாள் 2: தண்ணீர், காற்று, வெயில்

இன்றைய பதிவு நீளமாக இருக்கும். பார்க்க வந்ததே இதைத்தான்.

பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எக் தீவு காலங்காலமாகத் தனி முதலாளிகள் கைமாறி வந்த சொத்து. 1997 ஜூன் 12 அன்று தீவு மக்கள் ஒரு அறக்கட்டளை அமைத்து, அந்தப் பகுதியின் உள்ளாட்சியான ஹைலேண்ட் கவுன்சிலும் ஸ்காட்டிஷ் வனவுயிர் அறக்கட்டளையும் கூட்டாளிகளாக நிற்க, நன்கொடை திரட்டித் தீவையே விலைக்கு வாங்கினார்கள். விலை 15 லட்சம் பவுண்டு. அப்போது தீவில் பொது மின்சாரம் கிடையாது. அவரவர் வீட்டில் அவரவர் டீசல் ஜெனரேட்டர். விலை, புகை, சத்தம், அது நின்றுவிட்டால் இருட்டு. நிலப்பகுதியிலிருந்து கடலடியில் கேபிள் இழுக்கக் கணக்குப் பார்த்தபோது பல மில்லியன் பவுண்டு ஆகும் என்று தெரிந்தது. அதைவிடக் குறைவாக, சுமார் 16 லட்சம் பவுண்டில் தங்களுக்கென ஒரு மின் அமைப்பையே கட்டிக்கொண்டார்கள். 2008 பிப்ரவரி 1 அன்று சுவிட்ச் போடப்பட்டது. அன்றிலிருந்துதான் எக் தீவில் 24 மணிநேர மின்சாரம்.

நிலம் தங்கள் கையில் இருந்ததால்தான் இது முடிந்தது என்று நினைக்கிறேன். ஓடையில் குழாய் பதிக்க, வயலின் குறுக்கே பள்ளம் தோண்ட, மலையடியில் கம்பம் நட, ஒவ்வொன்றுக்கும் எங்கோ இருக்கிற ஒரு முதலாளியின் கையெழுத்து வேண்டியிருந்தால் எத்தனை வருடம் போயிருக்கும்?

காலையில் தீவின் லெய்க் என்ற இடத்துப் பக்கம் நடந்தோம். முக்கிய நீர்மின் நிலையம் அங்கேதான், 100 கிலோவாட். நிலையம் என்றதும் அணையைக் கற்பனை செய்ய வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் ஓடையில் ஒரு பங்குத் தண்ணீரைத் தடுத்துக் குழாயில் இறக்கி, கீழே ஒரு சின்னக் கொட்டகையில் டர்பைனைச் சுழற்றிவிட்டு, அதே தண்ணீரைத் திரும்ப ஓடையில் விட்டுவிடுகிறார்கள். இதுபோக இன்னும் இரண்டு குட்டி நீர்மின் அமைப்புகள் இருக்கின்றன.

பராமரிப்புக் குழுவில் ஒருவர் கொட்டகைப் பக்கம் வந்திருந்தார். தீவுக்காரர்கள் சிலர் பயிற்சி எடுத்துக்கொண்டு, மற்ற வேலைகளுக்கு நடுவே இதையும் பார்க்கிறார்கள். நான் என் பழைய வேலையைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் இரண்டு மணிநேரம் போனதே தெரியவில்லை.

இங்கே அழகு எங்கே இருக்கிறது என்றால், மூன்று ஊற்றுகளும் ஒன்று வற்றும்போது இன்னொன்று சுரக்கின்றன. குளிர்காலத்தில் மழையும் காற்றும் கொட்டும், அப்போது தண்ணீரும் காற்றாலையும் தீவைச் சுமக்கும். மே, ஜூனில் ஓடை மெலிந்துவிடும், ஆனால் பகல் நீண்டு கிடக்கும், வெயில் கைகொடுக்கும். ஆரம்பத்தில் சோலார் தகடுகள் 10 கிலோவாட் அளவுக்குத்தான் இருந்தன. கோடையில் ஓடை வற்றுவதைப் பார்த்தபிறகு படிப்படியாகக் கூட்டி 50 கிலோவாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வருடக் கணக்கில் பார்த்தால் தீவின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த மூன்றிலிருந்தே வருகிறது. மிச்சத்துக்கு இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் காத்திருக்கின்றன.

இவற்றுக்கு நடுவில் பேட்டரி அறை. ஒரு நாள்வரை தீவைத் தாங்கக்கூடிய அளவு பேட்டரிகள். அந்த அறையின் இன்வெர்ட்டர்கள்தான் முழுத் தீவுக்கும் தாளம் போடுகின்றன. பெரிய நாட்டு மின்கட்டமைப்பில் 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடும் அதிர்வெண்ணை, நூற்றுக்கணக்கான மின்நிலையங்கள் சேர்ந்து பிடித்து வைத்திருக்கும், ஒரு வீட்டில் ஒரு கெட்டில் போட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. இங்கே தாளக்காரர் ஒருவர்தான். பேட்டரி நிரம்பிவிட்டால் இன்வெர்ட்டர் அதிர்வெண்ணை 50-லிருந்து கொஞ்சம் மேலே ஏற்றிவிடும். அதுவே செய்தி. தனியாகத் தகவல் கம்பி எதுவும் வேண்டாம். அதிர்வெண் ஏறியதைப் பார்த்துச் சோலாரும் காற்றாலையும் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். முப்பது வருடம் இந்தத் துறையில் இருந்தும், ஒரே கம்பி மின்சாரத்தையும் சேதியையும் சேர்த்துச் சுமப்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

மிஞ்சுகிற மின்சாரத்தை வீணாக விடுவதில்லை. சமுதாயக் கூடத்திலும் தேவாலயங்களிலும் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். உபரி இருக்கும்போது அவை தானாக எரியும். எல்லோருடைய மிச்சமும் எல்லோரும் கூடும் இடத்தைச் சூடாக்குகிறது.

தீவு முழுக்க 11 கிலோமீட்டர் கேபிள், அத்தனையும் மண்ணுக்கு அடியில். ஒரு கம்பம்கூடக் கண்ணில் படவில்லை. அட்லாண்டிக் புயல் அடிக்கிற இடத்தில் அது அழகுக்காகச் செய்தது மட்டுமல்ல.

திரும்பும் வழியில் அந்த ஐந்து கிலோவாட் விஷயத்தைக் கேட்டேன். மொத்தம் இவ்வளவுதான் கிடைக்கும் என்று தெரிந்தபிறகு, எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான் முதலில் பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது என்று விளக்கினார். உற்பத்தி குறையும் நாட்களில் போக்குவரத்து விளக்கு மாதிரி சிவப்பு அறிவிப்பு வரும். அன்று துணி துவைப்பதைத் தள்ளிப்போடுவார்கள். யாரும் வந்து சோதனை போடுவதில்லை. காற்று இல்லை, மழை இல்லை என்பது அவரவர் ஜன்னலிலேயே தெரிகிறதே.

நாள் 3: சிக்னலும் கடல் ஏற்றமும்

இன்று மருமகனின் நாள்.

காலையில் வீட்டு வைஃபையில் நேற்றைய படங்களை ஏற்றினோம், சிரமம் இல்லாமல் ஏறின. ஆனால் இந்த இணையம் கடலடிக் கேபிளில் வரவில்லை. 2014-ல் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களுக்கும் தீவுகளுக்குமாக இருபது கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள்கள், மொத்தம் 400 கிலோமீட்டர் அளவுக்குப் போடப்பட்டன. அவை பெரும்பாலும் பெரிய தீவுகளை இணைத்தவை. நூறு பேர், முப்பது பேர், இருபது பேர் வாழும் இந்தத் தீவுகளுக்கு இணையம் வானலையில்தான் வந்தது.

தொடக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர்கள், எதிர்க்கரையில் லாக் ஹோர்ன் என்ற கடல்நீர்ப் பள்ளத்தாக்கைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கு இணையம் கொடுக்க 'டெகோலா' என்ற சோதனை வலைப்பின்னலை அமைத்தார்கள். ஸ்கை தீவில் சபால் மோர் ஓஸ்டைக் என்ற, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்கான கல்லூரி இருக்கிறது. அங்கே வந்து சேரும் நல்ல இணைப்பை எடுத்து, மலைமேல் ஆன்டெனா வைத்து, கடலைத் தாண்டி அனுப்பினார்கள். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு இந்தத் தீவு மக்கள் 'ஹெப்நெட்' என்ற சமூக நிறுவனத்தை உருவாக்கி, எக், மக், ரம், கன்னாவுக்கெல்லாம் இணைப்பைக் கொண்டுவந்தார்கள்.

மலைமேல் மின்சாரம் ஏது? ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு சோலார் தகடு, ஒரு குட்டிக் காற்றாலை, ஒரு பேட்டரி. அதாவது நேற்று நான் பார்த்த தீவு மின் அமைப்பின் சின்ன நகல் ஒன்று ஒவ்வொரு ஆன்டெனாவின் காலடியிலும் நிற்க வேண்டும். இணையமும் மின்சாரமும் இரண்டு தனிக் கதை என்று நினைத்துத்தான் கிளம்பினோம். ஒரே கதைதான்.

கிளேடேல் மேட்டில் உட்கார்ந்து, ரம் தீவின் மலைகளைப் பார்த்துக்கொண்டே மருமகன் ஒரு விஷயம் சொன்னான். அது எனக்குப் புதிது.

"மாமா, கடல் மேல ரேடியோ அனுப்பினா ஒரு சிக்கல் இருக்கு. சிக்னல் நேராவும் போகும், தண்ணியில பட்டுத் தெறிச்சும் போகும். ரெண்டும் அந்தப் பக்கம் ஒண்ணா வந்து சேரும்."

"சேர்ந்தா நல்லதுதானேப்பா?"

"ஒரே தாளத்துல சேர்ந்தா நல்லது. எதிர்த் தாளத்துல சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும்."

நோட்டில் படம் போட்டுக் காட்டினான். இந்தச் சிக்னலின் அலைநீளம் 6 சென்டிமீட்டர் அளவுதான். நேராகப் போகும் வழிக்கும் தெறித்துப் போகும் வழிக்கும் நீளத்தில் உள்ள வித்தியாசம் ஒரு 3 சென்டிமீட்டர் மாறினாலே, கூடுவது கழிவதாகிவிடும். இந்தக் கரையில் கடல் மட்டமோ ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் நாலைந்து மீட்டர் வரை மாறுகிறது. தண்ணீர் ஏற ஏறத் தெறிப்பு வழியின் நீளமும் மாறிக்கொண்டே போகும். ஏதோ ஒரு மட்டத்தில் இரண்டும் சரியாக எதிரெதிராக வந்து நிற்கும்போது இணைப்பு படுத்துவிடும். தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறினால் தானே எழுந்துவிடும்.

டெகோலா குழு இதை அளந்து ஆராய்ந்திருக்கிறது. கடல் ஏற்ற இறக்க அட்டவணையும் சிக்னல் வரைபடமும் கைகோத்து நடப்பதைக் கண்டார்கள். தீர்வுகளும் இருக்கின்றன. இரண்டு ஆன்டெனாக்களை வெவ்வேறு உயரத்தில் வைத்தால் ஒன்று படுக்கும்போது மற்றது நிற்கும். நேரத்துக்கு ஏற்ப அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே போகலாம். தெறித்து வரும் கதிரைக் கரையோரப் பாறை மறைத்துவிடும்படி இடம் பார்த்து ஆன்டெனாவை வைத்தாலும் சரி.

நிலவு இழுத்துக் கடல் ஏற, கடல் ஏறியதால் ஒரு வீட்டில் வீடியோ அழைப்பு உறைந்து நிற்கிறது. அந்த மேட்டிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

செயற்கைக்கோள் வழியாக எடுத்தால் என்ன என்று கேட்டேன். எடுக்கலாம், பல தீவுகளுக்கு அதுதான் வழி என்றான். ஆனால் வழக்கமான செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய்க் கீழே இறங்க, ஒளியின் வேகத்திலேயே அரை நொடி கிட்ட ஆகிவிடும். படம் பார்க்கப் பரவாயில்லை, டாக்டரிடம் முகம் பார்த்துப் பேசும்போது அந்த அரை நொடி இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் குறுக்கிட வைத்துவிடும். மலை மலையாகத் தாண்டி வரும் ரேடியோவில் அந்தத் தாமதம் இல்லை.

நாள் 4: மக்

படகில் மக் போய்வந்தோம். நான்கில் சின்னது, தட்டையானது. மிக உயர்ந்த மலையே 137 மீட்டர்தான். அதனால் இங்கே நீர்மின்சாரத்துக்கு வழியில்லை. ஆறு காற்றாலைகள், ஒவ்வொன்றும் 5 கிலோவாட். அதோடு 33 கிலோவாட் சோலார், பேட்டரி. இந்த அமைப்பு வந்தது 2013-ல். அதற்கு முன்னால் ஜெனரேட்டர் ஓடுகிற மணிநேரங்களில் மட்டும்தான் மின்சாரம். முப்பது சொச்சம் பேர் வாழும் தீவு ஒன்று, இந்த நூற்றாண்டு பிறந்து பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் ராத்திரி முழுக்க விளக்கைப் பார்த்திருக்கிறது.

துறையருகே ஒரு பெண்மணியிடம் பேசினேன். 24 மணிநேர மின்சாரம் வந்ததும் முதலில் எதை உணர்ந்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ராத்திரியில் இருந்த அமைதியை என்றார். ஜெனரேட்டர் நின்றால்தான் அமைதி, ஆனால் அமைதி வந்தால் இருட்டும் கூடவே வந்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது இரண்டும் இருக்கின்றன.

நாள் 5: படகு இல்லை

ராத்திரியே காற்று பிடித்துக்கொண்டது. காலையில் மழை ஜன்னலில் சரம் சரமாக அடித்தது. இன்று படகு வராது என்று தகவல். திட்டம் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போனது.

மதியம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது நடந்து பார்த்தோம். மூன்று நாள் முன்பு நூலாக ஓடிய ஓடை பழுப்பு நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. அன் ஸ்கூர் அடியில் நான்கு காற்றாலைகளும் கண்ணுக்கு இறக்கை தெரியாத வேகத்தில் சுழன்றன. சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்தால் இதமான சூடு. ஹீட்டர்கள் தாமாக எரிந்துகொண்டிருந்தன. அப்படியென்றால் தீவுக்குத் தேவையானதெல்லாம் போக மிஞ்சுகிறது.

வெளியிலிருந்து எதுவும் வர முடியாத நாள்தான் தீவில் மின்சாரம் பொங்கி வழியும் நாள். டீசலை மட்டும் நம்பியிருந்த காலத்தில் இதே புயல் நாள், டிரம்மில் இன்னும் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற நாளாக இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்கார அம்மா இரண்டு சுமை துணி துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மருமகன் அந்தக் கூடத்தில் ஈரக் காலுறையைக் காயப்போட்டுவிட்டு, அவன் அம்மாவுக்கு வீடியோவில் காற்றின் சத்தத்தைக் கேட்கவைத்தான். அக்கா முதலில் கேட்டது, "தம்பி, அங்க கரண்ட் இருக்கா?" என்றுதான்.

பராமரிப்புக்காரரை மறுபடி பார்த்தேன். எனக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டேன். பேட்டரிக்கு ஆயுள் உண்டு, இன்வெர்ட்டருக்கும் உண்டு. மாற்றுகிற நாள் வரும்போது என்ன செய்வீர்கள்? கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கி வைக்கிறோம் என்றார். பணத்தைவிட ஆள்தான் அவருக்குக் கவலை. இந்த மழையில் ஓடையில் குழாய் தொடங்கும் வாய்க்கு ஏறிப்போய்ச் சருகை வாரிவிட, அடுத்த தலைமுறையில் சிலர் இங்கேயே தங்க வேண்டும். என் வேலைக் காலத்தில் எத்தனையோ நல்ல இயந்திரங்கள் கவனிக்க ஆளில்லாமல் துருப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் கவலை எனக்குப் பெரிதாகவே பட்டது.

நாள் 6: ரம் வழியாகத் திரும்பும் வழி

காற்று இறங்கிவிட்டது. இன்றைய படகு ரம், கன்னா இரண்டையும் தொட்டுவிட்டு மல்லெய்க் போகிறது. கன்னாவில் இருபது பேர்கூட இல்லை. போன வருடம், 2018-ல்தான் அங்கே டீசலுக்குப் பதிலாகக் காற்றாலையும் சோலாரும் வந்தன. அதே 2018-ல்தான் வடக்கே ஷெட்லாந்துப் பக்கத்து ஃபேர் ஐல் என்ற தீவுக்கும் 24 மணிநேர மின்சாரம் கிடைத்தது.

ரம் துறையில் படகு நின்றபோது மரங்களுக்கு நடுவே சிவப்புக் கல் மாளிகை ஒன்று தெரிந்தது. கின்லாக் கோட்டை. நெசவு இயந்திரத் தொழிலில் சம்பாதித்த குடும்பத்தின் வாரிசான ஜார்ஜ் புல்லோ 1900-வாக்கில் கட்டி முடித்தது. மலை ஓடையைத் தடுத்து, நீர்மின்சாரம் எடுத்து, அந்த மாளிகைக்கு விளக்கேற்றினார். ஸ்காட்லாந்தில் மின்விளக்கு பெற்ற முதல் தனியார் வீடுகளில் அதுவும் ஒன்று. வருடத்தில் சில வாரங்கள்தான் குடும்பம் இங்கே வந்து தங்கும்.

அந்த விளக்குகள் எரிந்த தீவிலிருந்து பார்த்தால் எக் தீவு கண்ணுக்கெட்டும் தூரம். அதே மழை, அதே மாதிரி ஓடை, அதே டர்பைன். லெய்க் ஓடைத் தண்ணீர் எக் தீவின் எல்லா வீடுகளுக்குமாகச் சுழல 2008 வரை ஆனது. நூறு வருடத்துக்கு மேல். தொழில்நுட்பம் அன்றே இருந்தது. படகு கிளம்பும்வரை நான் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மருமகனும் எதுவும் பேசவில்லை.

மல்லெய்க் நெருங்கும்போது அவன் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. கிளேடேல் வீட்டுக்கார அம்மா அனுப்பியிருந்தார். சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவிட்டீர்கள், அடுத்த படகில் கொடுத்துவிடுகிறேன், துறைமுகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று. நாளை மறுநாள்தான் எங்கள் ரயில். வாங்கிக்கொண்டே போகலாம்.